செங்குறிஞ்சி எந்தக் குறிஞ்சி?

கேள்வி: கேரளாவில் இருக்கிற தென்மலைக்குப் போயிருந்தோம். செந்துருணி சரணாலயத்துக்கு அந்தப் பெயர் செங்குறிஞ்சி மரத்தால் வந்தது என்றார்கள். 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சிக்கு இது அண்ணன் முறையா? ஆனால் இது ஆளுயரச் செடி இல்லையே, அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்!
– வாசகி, புளியரை

பதில்: அண்ணனும் இல்லை, ஒன்றுவிட்ட சித்தப்பாவும் இல்லை. பெயரில் மட்டும்தான் ஒட்டு. 2018இல் மூணாறு பக்கம் மலையே நீலமாகப் பூத்ததே, அந்த நீலக்குறிஞ்சி ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினம், உங்கள் வீட்டு கனகாம்பரமும் ஆடாதோடையும் இருக்கிற அகாந்தேசி குடும்பம். செங்குறிஞ்சி, குளூட்டா ட்ராவன்கோரிக்கா. குடும்பம் அனகார்டியேசி, அதாவது மாமரத்தின் குடும்பம். முந்திரியும் அதில்தான் வரும்.

எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால், உயரத்தை வைத்து அல்ல. நீலக்குறிஞ்சிக்கு இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், காய் காய்ந்து வெடித்து விதையைத் தெறிக்கும். செங்குறிஞ்சிக்கு இலை மாறி மாறி வரும், பழத்துக்குள் மாங்கொட்டை மாதிரி ஒரே கொட்டை. அப்புறம் முக்கியமான விஷயம் பால். மாங்காய்ப் பால் உதட்டில் பட்டுப் புண்ணானது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்! கொல்லத்தில் முந்திரி உடைக்கிற பெண்களைக் கேளுங்கள், தோட்டு எண்ணெய் கையை என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்கள். துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டையும் இதே குடும்பம்தான் (செங்கோட்டைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம், ஊர் வேறு கொட்டை வேறு). குளூட்டா பேரினத்தின் மற்ற மரங்கள் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கின்றன. மலாய்க்காரர்கள் 'ரெங்காஸ்' என்பார்கள். அவற்றின் பால் காற்றுப்பட்டால் கறுத்துவிடும், மேலே பட்டால் கொப்பளிக்கும், பர்மாவில் ஒரு வகையிலிருந்து அரக்குப் பூச்சே எடுக்கிறார்கள். நம்ம மரத்தையும் தடவிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், பார்த்ததோடு போதும்.

சரி, 'செம்' எங்கிருந்து வந்தது? அதன் வைரக்கட்டை சிவப்பு, அவ்வளவுதான்.

கேள்வி: 'ட்ராவன்கோரிக்கா' என்றால் திருவிதாங்கூர்தானே? அந்த சமஸ்தானமே இப்போது இல்லை. கேரளா என்று மாற்றக்கூடாதா?
– வாசகர், ஆரியங்காவு

பதில்: மாற்ற முடியாது. முறைப்படி முதலில் வெளியிட்ட பெயருக்குத்தான் உரிமை, ஊர் பெயர் மாறியது என்று மரத்தின் பெயரை மாற்ற விதியில் இடமில்லை. இந்தப் பெயரை வைத்தவர் பெட்டோம், 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண வனத்துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அதனால்தான் தாவரப் பெயருக்குப் பின்னால் 'பெட்.' என்று போடுகிறார்கள்.

தவிர, மாற்றுவது என்று வந்தால் எந்த மாநிலத்தின் பெயரை வைப்பது? மரம் அகத்தியமலைத் தொடரில்தான் முக்கியமாக வளர்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தாண்டினால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அகத்தியமலைத் தொடர் கேரள–தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. செந்துருணி 1984இல் சரணாலயமானதால் பெயர் அந்தப் பக்கம் பிரபலம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர்தானே! இந்தப் பக்கம் களக்காடு–முண்டந்துறைக் காட்டிலும் இதே மரம் நிற்கிறது. தமிழ்நாட்டு வனத்துறைக் கணக்கிலும் அது ட்ராவன்கோரிக்காதான்.