சிறு விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடம் சிறு விமானப் பயிற்றுநராக இருந்தேன். இப்போது பல்லாவரத்தில் இருக்கிறேன். புதிதாகப் பழக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவர், ஆவடி: பைலட் ஆகவேண்டும் என்பது என் ஆசை சார். முதலில் எதைச் செய்யவேண்டும்?

மெடிக்கல், தம்பி. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள். டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, அதன் பிறகு கிளாஸ் 1. வேலைக்குப் போவதென்றால் கிளாஸ் 1 இல்லாமல் முடியாது. நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்து, பாதிப் பணம் கட்டிய பிறகு அது தெரியவந்த ஒரு பையனின் அப்பா என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அந்தப் பரிசோதனை சில நிமிட வேலைதான்.

மற்றபடி, மாணவர் உரிமத்துக்கு வயது 16, தனியார் உரிமத்துக்கு 17, வணிக உரிமத்துக்கு 18. வணிக உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். கட்டணத்தை மொத்தமாக முன்னாலேயே கட்டிவிடாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுங்கள். விமானம் பழுதாகி மாதக்கணக்கில் நின்றால் உங்கள் பணமும் அதோடு நின்றுவிடும்.

வங்கி ஊழியர், பெரம்பூர்: எனக்கு 52 வயது. வேலைக்காக இல்லை, ஆசைக்காகக் கற்கலாமா?

தாராளமாக. தனியார் உரிமம் போதும், குறைந்தது 40 மணி நேரம் பறக்கவேண்டும். இளைஞர்களைவிடச் சில மணி கூடுதலாக ஆகலாம், அதைப் பொருட்படுத்தாதீர்கள். மெடிக்கல் மட்டும் முதலில்.

மென்பொருள் பணியாளர், வேளச்சேரி: நடுவானில் எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடுமா? "ஸ்டால்" என்பது அதுதானே?

இரண்டும் வேறு. கார் ஸ்டால் ஆனால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை, எஞ்சின் இல்லை. இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையிலுள்ள கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், காற்று இறக்கையின் மேல்புறத்தை ஒட்டி ஓடாமல் பிய்ந்துவிடும், இறக்கை தூக்குவது சட்டென்று குறைந்துவிடும். அதுதான் ஸ்டால். எஞ்சின் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும்போதே அது நடக்கலாம்.

எஞ்சின் நின்றால் விமானம் சறுக்கிக்கொண்டு வரும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை 65, 68 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் பிடித்து வைத்தால், 3,000 அடியிலிருந்து காற்றில்லாத நாளில் சுமார் எட்டுக் கிலோமீட்டர் போகும். வயலோ தரிசோ தேட அவகாசம் உண்டு. மூக்கைத் தாழ்த்தி அந்த வேகத்தைப் பிடிப்பதுதான் முதல் வேலை. வெளியே பார்த்துக்கொண்டே, காற்றுவேக முள்ளையும் (சுற்றியுள்ள காற்றை வைத்து விமானத்தின் வேகத்தைக் காட்டுவது) அடிக்கடி பாருங்கள்.

அம்பத்தூர்: கண்ணாடி போட்டிருக்கிறேன், தகுதி உண்டா?

கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் உண்டு.

கல்லூரி மாணவி, அடையாறு: பயிற்றுநர்கள் எல்லோரும் காலை ஆறு மணிக்கே வரச் சொல்கிறார்களாமே, ஏன் சார்?

நல்ல கேள்வி அம்மா. நம் ஊர்க் காற்றைப் படித்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

மே மாத மதியம் 40 டிகிரி என்று வையுங்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மீனம்பாக்கம் கடல்மட்டத்திலிருந்து ஐம்பது அடிதான் உயரம். ஆனால் அந்த வெயிலில் விமானம், இதமான நாளில் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். ஏறக்குறைய ஏலகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரி. எஞ்சினுக்குச் சக்தி குறையும், இறக்கை தூக்குவது குறையும், ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடவேண்டும். இரண்டு பேர், டேங்க் நிறையப் பெட்ரோல் என்றால் ஏறுவதே மந்தமாகிவிடும்.

அடுத்தது கடற்காற்று. கோடையில் காலையில் காற்று நிலப்பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து வீசும். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்ததும் திசை கிழக்காக மாறிவிடும். விமானம் எதிர்காற்றில் இறங்குவதுதான் வழக்கம் என்பதால், மேற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஓடுபாதையில் கிழக்கு நோக்கி இறங்கவேண்டிவரும். மாறும் அந்த நேரத்தில் புதியவர் தனியாகப் பறப்பது நல்லதில்லை.

காலையிலும் கவனிக்கவேண்டிய மூன்றாவது விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள்: கார்புரேட்டரில் பனிக்கட்டி. செஸ்னா 152 போன்றவற்றில் கார்புரேட்டர் உண்டு. அதற்குள் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் இருபது டிகிரிக்கு மேல்கூடக் குறையும். மார்கழிக் காலையில் 23 டிகிரி, காற்றெல்லாம் ஈரம், த்ராட்டிலைக் குறைத்து இறங்குகிறீர்கள் என்றால் உள்ளே பனி கட்டும். எஞ்சின் சுற்று மெல்லக் குறைவதுதான் அறிகுறி. கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடி) இழுத்தால் முதலில் எஞ்சின் இன்னும் கரகரக்கும். பனி உருகித் தண்ணீராக உள்ளே போவதால் அப்படி. பயந்துபோய் உடனே திருப்பித் தள்ளிவிடாதீர்கள்.

தாம்பரம்: வீட்டுக்குப் பக்கத்திலேயே விமானத் தளம் இருக்கிறது. அங்கே சேரமுடியுமா?

அது விமானப்படைத் தளம், அவர்களுடைய பயிற்றுநர்களுக்கான பள்ளி அங்கே இருக்கிறது. பொதுமக்களுக்கு இல்லை. டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் உண்டு, பாருங்கள்.

திருவொற்றியூர்: எதிர்காற்றில் போகிற விமானம் சட்டென்று காற்றோடு திரும்பினால், காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் இறக்கை தூக்குவது குறைந்து விழுந்துவிடும். சின்ன வயதிலிருந்து காத்தாடி விடுகிறேன், எனக்குத் தெரியும்.

இதை அனுபவமுள்ள பைலட்டுகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தவறு. காத்தாடிக்கு நூல் இருக்கிறது. அது தரையோடு கட்டப்பட்டிருப்பதால்தான் காற்று அதன்மேல் மோதுகிறது. நூல் அறுந்த காத்தாடியைப் பாருங்கள், காற்றோடு காற்றாகப் போய்விடும். விமானத்துக்கு நூல் கிடையாது.

ஓடுகிற மின்சார ரயிலில் பெட்டிக்குள் முன்பக்கம் நடந்துவிட்டு, திரும்பிப் பின்பக்கம் நடந்தால் தடுமாறுகிறோமா? சீராக வீசும் காற்று அந்தப் பெட்டி மாதிரி, விமானம் அதற்குள் நடப்பவர் மாதிரி.

ராயபுரம்: நான் அவர் பக்கம். தாழ்வாகத் திரும்பும்போது விமானங்கள் விழுந்திருக்கின்றனவே?

விழுந்திருக்கின்றன. காரணம்தான் வேறு. காற்றுவேகம் 65 நாட், எதிர்காற்று 15 என்று வையுங்கள். தரையில் 50 நாட்தான் நகர்கிறீர்கள். காற்றோடு திரும்பியதும் அது 80 ஆகிவிடும். தாழ்வாகப் பறக்கும்போது மரமும் வீடும் விர்ரென்று ஓடுவதைக் கண் பார்க்கிறது, வேகம் கூடிவிட்டதாகக் கை நினைக்கிறது, மூக்கைத் தூக்குகிறது. காற்றுவேக முள்ளோ 65இலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும், கடைசியில் ஸ்டால் ஆகிவிடும்.

இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்திலும் இதே ஆபத்துதான். பின்காற்று தள்ளி ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அதைப் பிடிக்க இன்னும் சாய்ப்பீர்கள். உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்தால் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடும், 60 பாகை சாய்ந்தால் 41 சதவீதம். அதற்குமேல் ரட்டரையும் (வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் மிதி) அழுத்தினால் சுழன்று விழும், மீட்க உயரம் இருக்காது. தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். மேலே ஏறி இன்னொரு சுற்று வாருங்கள்.

அண்ணா நகர்: கண்ணாடி போட்டவர்கள்...

அம்பத்தூருக்குச் சொன்னதேதான்.

கொளத்தூர்: முழுக் கட்டணமும் ஒரே தடவையில் கட்டினால் தள்ளுபடி தருகிறார்களாம்.

வேண்டாம். ஆவடித் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். மெடிக்கல் முடிந்துவிட்டதா?

போரூர்: கணினியில் சிமுலேட்டர் பழகினால் உதவுமா?

செக்லிஸ்ட், ரேடியோ பேச்சு, திசை கண்டுபிடிப்பது இதற்கெல்லாம் உதவும். இறங்குவதற்கு உதவாது. கருவிகளையே பார்த்துப் பழகியவர்களை வெளியே அடிவானத்தைப் பார்க்கவைக்கச் சில நாள் ஆகிறது.

திருவொற்றியூர்: சார், ரயில் விஷயம் புரிந்தது. ஆனால் ரயில் பிரேக் பிடித்தால் தடுமாறுகிறோமே?

அருமை. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. காற்றே திடீரென்று மாறினால் விமானம் உணரும். தரையை நெருங்க நெருங்க எதிர்காற்று குறையும். அப்படிச் சட்டென்று 10 நாட் குறைந்தால் உங்கள் காற்றுவேகமும் அந்த நொடியில் 10 நாட் குறையும். அதனால்தான் காற்று விட்டுவிட்டு அடிக்கும் நாளில் வழக்கத்தைவிடச் சில நாட் கூட்டி இறங்கச் சொல்கிறோம். பொதுவாக, விட்டடிக்கும் அளவில் பாதியைக் கூட்டுவோம். 12 நாட் காற்று 20 வரை ஏறி அடித்தால், கூட்டவேண்டியது 4.