இரவில் கழுத்துக் கடி, பகலில் குஞ்சு மாயம்: மேய்ச்சல் கோழிகளுக்குக் காவல்

கேள்வி: 40 நாட்டுக்கோழிகளைத் திறந்தவெளியில் மேயவிட்டு இரவில் கொட்டகையில் அடைக்கிறேன். சுற்றிலும் கோழிவலை, மேலே தகரக் கூரை. ஒரே இரவில் ஆறு கோழிகள் செத்துக் கிடந்தன. கழுத்தில்தான் கடி, கறியைத் தின்னவில்லை. பகலில் குஞ்சுகளும் ஒன்றிரண்டாகக் காணாமல் போகின்றன. நாய் வளர்த்தால் போதுமா?

பதில்: இரண்டும் ஒரே விலங்கின் வேலையாக இருக்காது. இரவில் கழுத்தைக் கடித்துப் பல கோழிகளைச் சாய்த்துவிட்டுப் போவது பெரும்பாலும் மரநாய். கீரியும் கழுத்தைத்தான் பிடிக்கும், ஆனால் அது பகலில் திரிவது. நாய் புகுந்திருந்தால் முதுகும் தொடையும் கிழிந்து, இறகு எங்கும் சிதறியிருக்கும். மரநாயின் பசிக்கு ஒன்று போதும்தான். அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடக்கப் படபடக்க அது கடித்துக்கொண்டே போகும். உறுதி செய்ய, மாலையில் கொட்டகையைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த மண் தூவுங்கள். காலையில் ஐந்து விரல் தடம் தெரிந்தால் மரநாய் அல்லது கீரி. நான்கு விரல் என்றால் நாய் அல்லது பூனை. பூனைத் தடத்தில் நகக்குறி விழாது.

கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். அந்த மெல்லிய முறுக்குக் கம்பியை நாய் இழுத்தே பிய்த்துவிடும். தரையிலிருந்து மூன்றடி வரை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) அடியுங்கள். அதற்கு மேல் ஒரு அங்குலக் கண் போதும். ஆணியை வளைத்து மாட்டினால் சில மாதங்களில் கழன்றுவிடும். வலையின் மேல் மரச்சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். வலையோரம் உறங்கும் கோழியின் தலையை வெளியிலிருந்தே இழுத்துவிடும் விலங்குகளும் உண்டு. ஆகவே கோழிகள் ஏறி அடையும் கட்டைகள் வலையிலிருந்து ஒரு அடியாவது உள்ளே தள்ளி இருக்கட்டும். கோழிக்கு 8 அங்குலம் என்று பார்த்தால் உங்களுக்கு மொத்தம் 27 அடிக் கட்டை வேண்டும்.

உங்கள் கொட்டகையில் முதலில் பார்க்கவேண்டியது கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. மரநாய் நன்றாக மரம் ஏறும்; தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். நெளிதகரத்தின் வளைவுகளுக்கு அடியில் இருக்கும் ஓட்டைகளும் இதில் அடக்கம். பயத்தில் சாக்கு, தகரம் கொண்டு எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். எச்சத்தின் அம்மோனியா வெளியேறாமல் கோழிகளுக்குக் கண் எரிச்சலும் மூச்சுக் கோளாறும் வரும். சந்துகளையும் அதே அரை அங்குல வலையால் மூடினால் காற்று ஓடும்.

தோண்டி நுழைவதைத் தடுக்கச் சுவரோரம் ஆழக் குழி வெட்டத் தேவையில்லை. ஒன்றரை அடி அகல வலையைச் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, இரண்டு அங்குல மண் போட்டு, கல் அடுக்குங்கள். விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டால் பின்னால் நகர்ந்து தோண்டும் யோசனை பெரும்பாலும் அதற்கு வராது. கதவின் கீழ்ச் சந்து அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

மாலைத் தீனியைக் கொட்டகைக்குள் மட்டுமே வையுங்கள். பொழுது சாயுமுன் கோழிகள் தாமாக உள்ளே வரும். மிச்சத் தீனியை இரவில் விடாதீர்கள். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பைச் சந்தேகியுங்கள்.

நாய் நல்ல காவல்தான், ஆனால் குட்டியிலிருந்தே கோழிகளோடு பழகியதாக இருக்கவேண்டும். பழகாத நாயே கோழியைத் துரத்தும். கினிக்கோழி கூச்சல் போட்டு எச்சரிக்கும், எதிர்த்து நிற்காது.

விஷம் வைக்கவே வேண்டாம். உங்கள் நாயும், செத்த எலியைத் தின்னும் பறவைகளும் சேர்ந்து சாகும். வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைப்பது ஆளைக் கொல்லும். அதற்கென உள்ள துடிப்பு மின்வேலிக் கருவியைத்தான் பயன்படுத்தவேண்டும்.

பகலில் சத்தமில்லாமல் குஞ்சு குறைந்தால் பருந்து, காகம், கீரி, பூனை எதுவாகவும் இருக்கலாம். முதல் ஆறு வாரம் தாய்க்கோழியோடு குஞ்சுகளை மேலும் பக்கங்களும் வலையிட்ட கூண்டில் வையுங்கள். கூண்டை நாள்தோறும் இடம் மாற்றினால் பச்சையும் கிடைக்கும், எச்சமும் சேராது. பளபளக்கும் தட்டு, பொம்மை எல்லாம் சில வாரம்தான், பருந்துக்குப் பழகிவிடும். வளர்ந்த கோழிகளுக்கு மேய்ச்சல் நிலத்தில் 30 அடிக்கு ஒரு புதரோ, ஒன்றரை அடி உயரப் பந்தலோ இருந்தால், மேலே நிழல் கண்டதும் ஓடி ஒளிந்துகொள்ளும்.