லைசென்ஸ் துப்பாக்கியை மறைத்துக் கேரளாவுக்குள் எடுத்துப் போகலாமா? ரத்தப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தலாமா?

நீங்கள் பொள்ளாச்சிக்காரர், பணம் கொண்டுபோகும் வேனில் கன்மேன், கம்பெனி இப்போது பாலக்காடு ரூட்டுக்கு மாற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரன், வக்கீல். இரண்டு மாநிலத்திலும் கால் வைத்துப் பிழைக்கிறவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள்.

துப்பாக்கியை மறைத்தால் கேஸ் ஆகுமோ என்ற பயம் வேண்டாம். பொது இடத்தில் அதை மூடித்தான் எடுத்துப் போக வேண்டும் என்பதே சட்டம். 2016 ஆயுத விதிகளில் 32வது விதியைப் பாருங்கள். துப்பாக்கி அதற்கான உறையில், முழுக்க மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினால் வம்பு.

எனக்குக் கவலை வேறு. லைசென்ஸ் புத்தகத்தில், எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள். பலர் ஆயுதத்தின் நம்பரையும் முடிவு தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அங்கே 'தமிழ்நாடு' என்று மட்டும் இருந்தால், எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டின உடனேயே நீங்கள் நிபந்தனையை மீறியவர். 1959 ஆயுதச் சட்டம் 30வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே இல்லாத ஆயுதம் என்று போலீஸ் 25வது பிரிவில் எழுதிவிட்டால் நிலைமை மோசம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 வருடம். 'கம்பெனிதான் போகச் சொன்னது' என்ற பதில் அங்கே எடுபடாது. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது, மாட்டுவதும் நீங்கள்தான்.

சரி, ரத்தம். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது உடல், மன நலச் சான்றிதழ் கேட்பது விதியிலேயே உண்டு. கண் பார்வை, பிரஷர் எல்லாம் கம்பெனி பார்க்கச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கையில் துப்பாக்கி கொடுக்கிறார்கள். எச்.ஐ.வி. அப்படியில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவரம் சொல்லி உங்கள் சம்மதம் வாங்காமல் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது, வேலைக்கு அதை நிபந்தனையாக வைக்கவும் கூடாது. பத்துப் பக்கத்துக்கு நடுவில் ஒரு சம்மதத் தாளைச் செருகி நீட்டுவார்கள். ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

செக்போஸ்டில் ஊதச் சொல்வது வண்டி ஓட்டுகிறவருக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கன்மேனுக்கு அது பொருந்தாது. கைது செய்துவிட்டால் கதை வேறு. வழக்குக்குத் தேவை என்று போலீஸ் கேட்டால், டாக்டர் ரத்தம் எடுக்கலாம், மறுத்தால் தேவையான அளவு பலமும் பயன்படுத்தலாம் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51வது பிரிவு சொல்கிறது. உண்மை கண்டறியும் சோதனையை மட்டும் சம்மதமில்லாமல் செய்ய முடியாது. 2010இல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துச் சொல்லிவிட்டது.

நாளைக்கே பாலக்காடு போக வேண்டும் என்று மேனேஜர் அவசரப்படுத்தினால், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போய், கேரளாவையும் சேர்த்துத் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். அது புத்தகத்தில் ஏறும்வரை துப்பாக்கி பொள்ளாச்சியிலேயே இருக்கட்டும்.