இந்த வருஷம் கடனை அடைக்க வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலம் குகையில் இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டரை வருஷம். இப்போது ஆறாம் மாதம். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார். மாதம் சராசரியாக 20,000 வரும். ஆர்டர் இல்லாத மாதம் பதினைந்துக்கே இழுக்கும். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 16,000.

கடன்களை எழுதுகிறேன். கல்யாணச் செலவுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் 2 வட்டிக்கு வாங்கியது 1,50,000. அதில் அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. 2023-ல் என்னுடைய ஏழு பவுன் நகையை வங்கியில் வைத்து வாங்கியது 1,20,000. கிரெடிட் கார்டில் 42,000, மாதம் 2,100 மினிமம் மட்டும் கட்டுகிறோம். வண்டித் தவணை 3,200, இன்னும் பதினொரு மாதம். வீட்டு வாடகை 6,500. தெருவில் ஒரு அக்கா நடத்தும் லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு மாதம் 5,000, இருபதில் ஒன்பது மாதம் முடிந்தது. கையில் சேர்த்து வைத்திருப்பது 60,000.

'குழந்தை கடனோடு பிறக்கக் கூடாது, 60,000-ஐ அப்படியே வட்டிக்காரருக்குக் கொடுத்துவிடலாம்' என்கிறார் கணவர். வளைகாப்பை மண்டபத்தில் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். அட்டையாம்பட்டியில் இருக்கும் அப்பா, தலைப்பிரசவச் செலவு எங்களுடையது, நீ எதுவும் பேசாதே என்கிறார். ராத்திரி தூக்கமே வருவதில்லை. முதலில் எந்தக் கடனை அடைக்க?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

ஒவ்வொரு கடனுக்கும் எதிரே தொகை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி 'கொஞ்சம் கடன் இருக்கிறது' என்பதோடு நின்றுவிடும். கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பது தெரிகிறது. நானும் கணக்காகவே பேசிவிடுகிறேன்.

அந்த 60,000-ஐத் தொடாதீர்கள். உங்கள் கணவர் சொல்வதுபோலச் செய்தால் அந்த 2 வட்டிக் கைமாற்று 90,000-ஆகக் குறையும், மாத வட்டி 3,000-லிருந்து 1,800-ஆகும். மிச்சம் 1,200 ரூபாய். அதற்கு விலையாக, எட்டாம் மாதத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருபதாயிரம் கட்டச் சொன்னால், உங்கள் கணவர் போய் நிற்கப் போவது அதே வட்டிக்காரர் வாசலில்தான். அவசரத்துக்கு வருபவரிடம் அவர் 2 வட்டி கேட்பாரா, 3 வட்டி கேட்பாரா என்பது உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியை விடுங்கள், அரிசிக்கு வருவோம். நீங்கள் வேலைக்குப் போகாத மாதங்களை நினைத்துப் பாருங்கள். வாடகை, வண்டி, சீட்டு, கைமாற்று வட்டி, கார்டு மினிமம். கூட்டினால் 19,800 வருகிறது. கணவரின் வருமானம் 20,000. ரேஷன் அரிசி சும்மா கிடைக்கும், பாலும் பருப்பும் கிடைக்காது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மொத்தக் கடன் மூன்று லட்சத்துச் சொச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இந்த 200 ரூபாய் மிச்சம்தான் பயமாக இருக்கிறது.

ஆகவே இந்த ஒரு வருஷத்துக்கு என் யோசனை, கடனைக் குறைக்கப் பார்க்காதீர்கள், வட்டியைக் குறையுங்கள். அதற்கு வழி உங்களிடமே இருக்கிறது. நகையை 2023-ல் வைத்திருக்கிறீர்கள். அந்த வருஷம் பவுன் 50,000-ஐத் தொடவே இல்லை. இப்போது அப்போதைய விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஏழு பவுனுக்கு வங்கி இப்போது கூடுதலாகக் கொடுக்கும். 1,20,000-ஐ 3,12,000-ஆக மாற்றிப் போடச் சொல்லுங்கள். கூடுதலாக வரும் 1,92,000-இல் கைமாற்று 1,50,000-ஐயும் கார்டு 42,000-ஐயும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள்.

இப்போது கைமாற்றுக்கு வட்டி 3,000. நூற்றுக்கு 2 என்று கேட்கச் சின்னதாக இருக்கும், வருஷத்துக்கு 24 சதவீதம் அது. கார்டு அதைவிட மோசம். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 42,000-க்கு 1,470, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,735. நீங்கள் கட்டும் 2,100-இல் அசலுக்குப் போவது 365 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகைக்கடன் வட்டி 900. மொத்தம் 5,635. மாற்றிப் போட்ட பிறகு, வங்கி வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் கிளையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்), 3,12,000-க்கு மாதம் 2,340. சுமார் 3,300 ரூபாய் மிச்சம். கணவர் சொன்ன வழியில் 60,000-ஐக் கொடுத்து மிச்சம் செய்வது 1,200. இதில் 60,000-ம் கையிலேயே இருக்கிறது.

'கடன் அப்படியேதானே இருக்கு' என்று அவர் கேட்பார். ஆமாம், அப்படியேதான் இருக்கிறது. பிறக்கும் குழந்தைக்கு வட்டி விகிதம் தெரியாது, கடன் இருப்பதும் தெரியாது. பிரசவத் தேதிக்குள் கட்டி முடி என்று எந்த வங்கியும் கெடு வைக்கவில்லை. அந்தக் கெடு நாமே வைத்துக்கொண்டது.

இதில் சில சிக்கல்கள் உண்டு. மாற்றிப் போட, பழைய வட்டி பாக்கியைக் கட்டச் சொல்வார்கள். சில கிளைகளில் பழைய கடனை முழுதாகக் கட்டி, நகையை மீட்டு, மறுபடி வைக்கச் சொல்வார்கள். முதலில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். 'ஒரு நாளைக்குப் பணம் தருகிறோம், மீட்டு வையுங்கள்' என்று கமிஷனுக்கு வருபவர்களிடம் மட்டும் போக வேண்டாம். அடுத்தது, வருஷம் முடியும்போது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். மாதம் 2,340-ஐ வேறு கணக்கில் எடுத்து வைத்துக்கொண்டே வர வேண்டும். வாடகை மாதிரி, தப்பவே கூடாது. மூன்றாவது, வங்கிக்காரர் '4 லட்சம்கூட வரும்மா' என்பார். வேண்டாம். 3,12,000 என்பது பவுனுக்கு 45,000-க்குள் அடங்குகிறது. தங்கம் கொஞ்சம் இறங்கினாலும் தாங்கும்.

கார்டு முடிந்த அன்றே செயலியில் பூட்டிவிடுங்கள். பூஜ்யமான கார்டு மறுபடி நிரம்புவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். குழந்தை சாமான்களுக்கென்று ஆன்லைனில் வரும் விளம்பரங்கள் கர்ப்பிணிகளைக் குறிபார்த்தே வருகின்றன. தொட்டில் கட்ட ஒரு பழைய புடவை போதும்.

சீட்டுக்கு வருகிறேன். தெருவில் நடக்கும் சீட்டு, பதிவு செய்ததாக இருக்காது. நடத்துபவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பதிவில்லாத சீட்டில் கடைசிவரை காத்திருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். சேலத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. இப்போதே சொல்லி வைத்து, பதினோராவது அல்லது பன்னிரண்டாவது மாதச் சீட்டை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அது எட்டாம், ஒன்பதாம் மாதம். தள்ளு, அதாவது முன்னதாக எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகை, கொஞ்சம் போகும், போகட்டும். மீதி மாதங்களுக்கு நீங்கள் கட்ட வேண்டியவராக இருப்பீர்கள், வாங்க வேண்டியவராக இருக்க மாட்டீர்கள். பிரசவம் நல்லபடியாக முடிந்து, குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும், சீட்டுப் பணத்தில் மிஞ்சியதை நகைக்கடனில் கட்டுங்கள். அசல் குறைய ஆரம்பிப்பது அன்றைக்குத்தான்.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? கடையில் பத்துப் பேராவது இருந்தால், 21,000-க்குள் சம்பளம் என்பதால் பிடிக்க வேண்டும். பிடித்திருந்து, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளம் ஈஎஸ்ஐயிலிருந்தே வரும். பிடிக்கவில்லை, ஆனால் கடையில் பத்துப் பேராவது வேலை செய்கிறார்கள் என்றால், அதே 26 வாரச் சம்பளத்தை முதலாளி தர வேண்டும் என்கிறது சட்டம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஜவுளிக்கடைகளில் ஆறாம் ஏழாம் மாதம் ஆனதும் 'வீட்டில் இரும்மா, அப்புறம் பார்க்கலாம்' என்று கனிவாகச் சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. கனிவுக்கு மயங்கி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விடுப்புக் கடிதம் மட்டும் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாதச் சம்பளத்துக்கு 26 வாரம் என்றால் 96,000 ரூபாய். நீங்கள் எழுதிய பட்டியலில் எந்த இடத்திலும் இந்தத் தொகை இல்லை.

பகுதிச் சுகாதாரச் செவிலியரைப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. தனியார் மருத்துவரிடம் மட்டும் போகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்தைப் பதிந்ததற்கு அவர்கள் தரும் ஆர்சிஹெச் எண்ணை வாங்க வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கே அது தேவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நீங்கள் பதியாமல் இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். வந்தால் சரி. அதை நம்பி எந்தச் செலவையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பிரசவம் எங்கே என்பது உங்கள் விருப்பம். தனியார் என்றால் சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, குழந்தையை இன்குபேட்டரில் வைத்தால் நாளைக்கு எவ்வளவு என்று மூன்றையும் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்றாவதைக் கேட்க யாருக்கும் மனம் வராது, ஆனால் வீடுகளைக் கவிழ்ப்பது அதுதான். அதனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டிப் பதிந்து வையுங்கள். சிக்கலான கேஸ்களைச் சுற்று வட்டாரத்திலிருந்து அங்கேதான் அனுப்புகிறார்கள். பிரசவத்துக்குக் காசு கிடையாது. இப்போது புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தாலும் இந்தப் பிரசவத்துக்கு உதவாது, மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் அப்பாவைப் பற்றிய வரி. தலைப்பிரசவம் தாய் வீட்டுச் செலவு என்பது நம் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். அப்பா எங்கிருந்து கொடுக்கப் போகிறார்? நீங்கள் 2 வட்டியிலிருந்து வெளியே வந்த அதே மாதம் அவர் அட்டையாம்பட்டியில் 2 வட்டிக்கு உள்ளே போனால், உங்கள் வீட்டுக் கடன் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போங்கள், அம்மாவின் கைச்சோறும் பத்தியமும் வேண்டும். ஆஸ்பத்திரிப் பணம் உங்கள் கையிலிருந்து போகட்டும். அப்பாவிடம் இதை நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்வார். உங்கள் கணவர் சொல்ல வேண்டும், தனியாகச் சொல்ல வேண்டும்.

வளைகாப்பு மண்டபத்தில் வேண்டாம். வீட்டு மாடியில் பந்தல் போட்டு, கண்ணாடி வளையலும் ஐந்து வகைச் சாதமும் போதும். மாமியாரிடம் கடன் கணக்கைக் காட்டி வாதாடாதீர்கள், மனம் சுருங்கிவிடும். 'டாக்டர் கூட்டம் வேண்டாம் என்கிறார்' என்றால் எந்த மாமியாரும் கேட்பார். சின்னப் பொய்தான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். உங்கள் பட்டியலில் பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இல்லை. தறியோ வெள்ளியோ, நம் ஊரில் கூலி வேலைக்காரர் பலருக்கு அது இருக்கும். அதற்கு வட்டி கிடையாது என்பதால் யாரும் கடனென்று எண்ணுவதில்லை. வேறு பட்டறையில் கிலோவுக்குக் கூலி கூடக் கிடைத்தாலும் போக முடியாது, அதுதான் வட்டி. வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறையும் மாதங்களில் இது இன்னும் இறுக்கும். அவரிடம் கேளுங்கள். மறைத்திருந்தால் திட்டாதீர்கள், உங்களுக்குப் பயந்து மறைத்திருக்க மாட்டார், உங்கள் வயிற்றைப் பார்த்துச் சொல்லாமல் இருந்திருப்பார்.

கைமாற்றை முடிக்கப் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். புரோ நோட்டையும் (கடன் வாங்கும்போது எழுதிக் கொடுத்த பத்திரம்), வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் கையில் வாங்காமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். 'நோட்டு ஊரில் இருக்கு, அடுத்த வாரம் தரேன்' என்றால் பணமும் அடுத்த வாரமே.

முன்பணம் எவ்வளவு என்று தெரிந்ததும் எழுதுங்கள். தொகை பெரிதாக இருந்தால் சீட்டுப் பணத்தை எங்கே கட்டுவது என்ற கணக்கை மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா