ஐபிஏ-வில் எஞ்சும் தண்ணீரை எடுக்க ஜியோலைட் சவ்வு பொருந்துமா?

எத்தனை முறை வடித்தாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற ஐபிஏ-வில் 12 சதவீதத் தண்ணீர் தங்கிவிடுகிறது என்றும், அதை எடுக்க மாலிகுலர் சீவ் (தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் நுண்துளை மணிகள்) போடுவதா, ஜியோலைட் (சிலிக்கானும் அலுமினியமும் கொண்ட நுண்துளைப் படிகம்) சவ்வு வாங்குவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கரைப்பான் மீட்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, உங்கள் கழிவுக் கரைப்பானில் அமிலம் இருக்கிறதா என்பதைத்தான். விலை, கொள்ளளவு எல்லாம் அதற்குப் பிறகு. அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஐபிஏ-வும் தண்ணீரும் எடையில் சுமார் 88க்கு 12 என்ற விகிதத்தை எட்டியதும், 80 டிகிரி செல்சியஸை ஒட்டி, எழும் ஆவியும் கொதிக்கும் திரவமும் ஒரே சேர்மானம் கொண்டவையாகிவிடுகின்றன. அதற்கு மேல் வடிகோபுரத்தில் எத்தனை தட்டுகளைக் கூட்டினாலும் பயனில்லை. எத்தனாலுக்கு இந்த எல்லை 95.6 சதவீதம். முன்பெல்லாம் பென்சீனையோ சைக்ளோஹெக்சேனையோ மூன்றாவதாகச் சேர்த்து இந்த எல்லையைக் கடந்தார்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால், அதன் சுவடு கூட இருக்கக் கூடாத மருந்து, மின்னணுத் தொழில்களுக்கு அந்த வழி ஒத்துவராது.

சவ்வு முறையில் கொதிநிலைச் சமநிலைக்கு இடமே இல்லை. நுண்துளைகள் கொண்ட அலுமினா போன்ற பீங்கான் குழாயின் மேல், சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை தடிமனுள்ள ஜியோலைட் படிக அடுக்கு வளர்க்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சூடான கரைப்பான் ஓடும். மறு பக்கம் வெற்றிடப் பம்ப் இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அடுக்குக்குள் நுழைந்து, கடந்து, மறு பக்கத்தில் ஆவியாக வெளியேறிக் குளிர்விப்பானில் மீண்டும் திரவமாகும். பெர்வேப்பரேஷன் என்பது இதுதான்.

துளையின் அளவால்தான் பிரிவு நடக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. இந்தப் பணிக்கு மிகுதியாகப் பயன்படும் சோடியம்-ஏ வகை ஜியோலைட்டின் துளை ஏறத்தாழ 0.4 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு 0.3-க்கும் குறைவு, ஐபிஏ 0.4-க்கு மேல் என்பதால் கணக்கு பொருந்துவது போலத் தெரியும். ஆனால் மெத்தனால் மூலக்கூறு அந்தத் துளையைவிடச் சிறியது. அப்படியிருந்தும் இந்தச் சவ்வு மெத்தனாலைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் அனுப்புகிறது. இந்த ஜியோலைட்டில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவுக்கும் ஓர் அலுமினியம் அணு உண்டு. ஒவ்வொரு அலுமினியமும் கட்டமைப்புக்கு ஓர் எதிர்மின்சுமையைத் தர, அதைச் சமன்செய்யச் சோடியம் அயனி வந்து அமர்கிறது. இந்த மின்சுமைகளைத் தேடித் தண்ணீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டி, துளைகளை நிரப்பிவிடுவதால் ஆல்கஹாலுக்கு வழி கிடைப்பதில்லை.

ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்தில் கிதா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-களில் வளர்த்த சவ்வு, 10 சதவீதத் தண்ணீர் கலந்த எத்தனாலில் 75 டிகிரியில் சதுர மீட்டருக்கு மணிக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீரைக் கடத்தியது. பிரிப்புக் காரணி 10,000 என்ற அளவில் இருந்தது. அதாவது, கசிந்து வந்த நீரில் எத்தனால் 0.1 சதவீதத்திற்கும் குறைவு. அந்தப் பணியின் தொடர்ச்சியாக மிட்சுயி நிறுவனம் அமைத்த முதல் பெரிய ஆலை, 90 சதவீதக் கரைப்பானை 120 டிகிரியில் செலுத்தி, தண்ணீரை 0.2 சதவீதத்திற்குக் கீழே இறக்கி, மணிக்கு 530 லிட்டர் தந்தது. இதற்கு முன்பே பிரான்சின் பெத்தனிவில்லில் 1988-இல் பாலிவினைல் ஆல்கஹால் சவ்வுகளைக் கொண்டு நாளொன்றுக்கு 1,50,000 லிட்டர் எத்தனாலை உலர்த்தும் ஆலை ஓடியது. ஆனால் பாலிமர் சவ்வு தண்ணீர் மிகுந்த இடத்தில் வீங்கி, பிரிப்புத் திறனை இழக்கும். வெப்பத்தையும் ஓரளவுக்குத்தான் தாங்கும். பீங்கானின் மேல் வளர்ந்த படிகத்திற்கு அந்தக் குறை இல்லை.

சவ்வு வாங்குவதற்கு முன் வெப்பக் கணக்கு ஒன்றை அவசியம் போட்டுப் பாருங்கள். இந்த முறையில் ஆவியாக வேண்டியது தண்ணீர் மட்டுமே என்பது பெரிய மிச்சம். எனினும் அந்த ஆவியாதலுக்கான வெப்பம் ஓடும் கரைப்பானிலிருந்தே எடுக்கப்படுவதால், 1 சதவீதத் தண்ணீர் நீங்கினால் கரைப்பான் 7 அல்லது 8 டிகிரி குளிர்ந்துவிடும். 12 சதவீதத்தை எடுக்க வேண்டுமென்றால் இடையிடையே மீண்டும் சூடாக்கியே தீர வேண்டும். கடைசி அரை சதவீதத்தை எடுக்கும்போது தண்ணீரின் ஆவியழுத்தம் மிகவும் குறைந்துவிடுவதால், கசிவு வேகம் வீழ்ந்து, சவ்வுப் பரப்பும் வெற்றிடத்தின் தரமும் செலவைத் தீர்மானிக்கத் தொடங்கும்.

இனி அமிலத்திற்கு வருகிறேன். தண்ணீரை ஈர்க்கும் அதே அலுமினியத்தை அமிலம் கட்டமைப்பிலிருந்து பிடுங்கிவிடுகிறது. சோடியம்-ஏ-யில் அலுமினியம் பாதிக்குப் பாதி இருப்பதால், அது போனால் படிகமே நிலைக்காது. சிலிக்கான் மிகுந்த டி வகை, மார்டனைட், சாபசைட் சவ்வுகள் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். பொதுவாக அவற்றில் தண்ணீர் கடக்கும் வேகத்தை ஓரளவு விட்டுக்கொடுக்க நேரும். என்னைப் பொறுத்தவரை அது நியாயமான விலை.

ஒரே கரைப்பானைப் பெரிய அளவில், ஆண்டு முழுவதும் உலர்த்தும் எரிபொருள் எத்தனால் ஆலைக்கு 3ஏ (துளை ஏறத்தாழ 0.3 நானோமீட்டர்) மாலிகுலர் சீவையே நான் பரிந்துரைப்பேன். மணிகள் நிரம்பிய ஒரு தொட்டி உலர்த்தும்போது மற்றொன்று, உலர்ந்த ஆவியில் ஒரு பங்கைச் செலவிட்டுப் புதுப்பிக்கப்படும். அந்தப் பங்கு திரும்பவும் வடிகோபுரத்திற்கே போகும். பேரளவில் இது தாங்கக்கூடிய இழப்பு. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போல, இந்த வாரம் ஐபிஏ, அடுத்த வாரம் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்று மாற்றி மாற்றி ஓட்டும் சிறு ஆலைக்குச் சவ்வுதான் வசதி. முந்தைய கரைப்பான் மணிகளுக்குள் தங்கி அடுத்ததில் கலக்கும் தொல்லை இராது.

கரைப்பானைத் திரவமாக அனுப்பாமல், அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கிவிட்டு, வடிகோபுரத்தின் தலையில் எழும் ஆவியையே சவ்வுக்கு அனுப்புங்கள். உப்பும் பிசினும் அடியிலேயே தங்கிவிடும். குளிர்வுச் சிக்கலும் வெகுவாகக் குறையும். விற்பவர் தூய ஐபிஏ-வில் எடுத்த அளவீடுகளைக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆலைக் கரைப்பானையே ஒற்றைக் குழாயில் சில வாரங்கள் ஓட்டி, கசிந்த நீரில் ஐபிஏ எவ்வளவு என்று தொடர்ந்து அளந்து தரச் சொல்லுங்கள். அந்த அளவு நாளுக்கு நாள் ஏறினால், படிக அடுக்கு கரைந்துகொண்டிருக்கலாம் அல்லது குழாய் முனையின் அடைப்பு விட்டுக்கொடுத்திருக்கலாம். குழாயைக் கழற்றிப் பார்த்து எது என்று உறுதிசெய்த பின்பே முன்பணம் கொடுங்கள்.