உளுந்து மூட்டையில் திரும்பத் திரும்ப வண்டு

கேள்வி: நெல் தரிசில் எடுத்த உளுந்தில் இரண்டு மூட்டை வீட்டுச் செலவுக்கும் விதைக்குமாக நிறுத்தி வைத்தேன். ஒரே மாதத்தில் வண்டு. வெயிலில் காயப்போட்டுப் புடைத்துக் கட்டினேன். மறுபடியும் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. மாத்திரை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். ஆட்கள் படுத்துறங்கும் வீட்டில் வைத்தால் உயிரே போய்விடும்.

நீங்கள் புடைத்து எடுத்தது வெளியே வந்த வண்டை மட்டும்தான். ஒரு கை உளுந்தை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புத் தோலின்மேல் குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது. புழு அதற்கு அடியிலேயே துளைத்து உள்ளே போய், பருப்பைத் தின்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் தோலை வட்டமாக வெட்டிக்கொண்டு வண்டாக வரும். வந்த வண்டு தானியத்தைத் தின்பதில்லை; முட்டை வைப்பதே அதன் வேலை, நூறு வரைகூட வைக்கும். இத்தனைக்கும் முதல் முட்டை பெரும்பாலும் வயலில், முற்றிய நெற்றின்மேலேயே விழுந்துவிடுகிறது. காய்ந்த செடியை அறுக்காமல் விட்டுவைப்பது அதற்கு வசதி.

சாப்பாட்டு உளுந்தைக் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, மேலே நிறமில்லாத பாலித்தீன் தாளால் மூடி, ஓரத்தை மண் போட்டு அடைத்து உச்சி வெயிலில் விடுங்கள். திறந்து காயப்போட்டால் வண்டு பறந்துவிடும், உள்ளே இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். மூடினால் சூடு 60 டிகிரியைத் தாண்டி அதுவும் சாகும். ஆறிய பிறகு கிலோவுக்கு 5 மில்லி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள். புதிதாக வைக்கும் முட்டை பொரிக்காது. அதைவிடச் சுலபம், உடைத்துப் பருப்பாக்கிவிடுவது. உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது.

விதைக்கு அந்தச் சூடு ஆகாது. முதலில் ஈரச் சாக்கில் 100 விதையைச் சுற்றி முளைக்க விடுங்கள். 75க்குக் குறைந்தால் வேறு விதை வாங்குவதுதான் புத்தி. அடுத்த முறை, கடித்தால் டக்கென்று உடைகிற பதத்துக்கு, அதாவது ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்து, 100 கிலோவுக்கு 1 கிலோ ஆக்டிவேட்டட் கயோலின் தூள் கலந்து கட்டுங்கள். வண்டின் உடம்பிலுள்ள மெழுகுப் பூச்சைச் சிதைத்து உலர்த்திக் கொல்லும் களிமண் தூள் அது.

பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காயவைக்காமல் திரும்ப எடுக்காதீர்கள். பக்கத்தில் தட்டைப்பயறு, பாசிப்பயறு மூட்டை இருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள். இதே வண்டு அங்கேயும் இருக்கும்.