மூன்றடித் தொட்டிக்குச் சாதுவான ஆப்பிரிக்க மீன்

கேள்வி: என்னிடம் இருப்பது 3 அடித் தொட்டி. கடையில் ‘மிக்ஸ் ஆப்பிரிக்கன், சண்டை போடாது’ என்று 8 குஞ்சுகள் தந்தார்கள். ஆறு மாதத்தில் 5தான் மிச்சம். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒன்று இப்போது உடம்பெல்லாம் கறுத்து, மற்றவற்றை மூலைக்கு விரட்டுகிறது. சாதுவான ஆப்பிரிக்க சிக்லிட் (இந்த மீன் குடும்பத்தின் பெயர்) கிடையவே கிடையாதா? வீட்டில் போர் தண்ணீர்தான்.

பதில்: அடையாளத்தைப் பார்த்தால் உங்கள் ரவுடி ‘ஆரேட்டஸ்’ ஆண். குஞ்சில் மஞ்சளாக இருப்பவன் வளர்ந்ததும் கறுத்துவிடுவான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளிடையே வாழும் மீன்களில் பொல்லாதவன். அவன் இருக்கும்வரை எந்தச் சாதுவை விட்டாலும் அடிவாங்கத்தான் விடுகிறீர்கள்.

பலரும் ‘யெல்லோ லேப்’ வாங்கச் சொல்வார்கள். எலுமிச்சை மஞ்சள், முதுகுத் துடுப்பில் கறுப்புக் கரை. சாதுதான், மறுக்கவில்லை. ஆனால் 4 அங்குலம் வளரும், கூட்டமாக வைக்க வேண்டும். அதற்கு 4 அடித் தொட்டி வேண்டும்.

என் ஓட்டு, ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான டாங்கனிக்காவின் ‘மல்டி’ சிக்லிட்டுக்கு. ஆணே 2 அங்குலத்தைத் தாண்டாது. காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்தும் மீன். அடியில் 2 அங்குலத்துக்கு நைஸ் மணல் போடுங்கள். வயல் நத்தையின் காலி ஓடுகளைக் கொதிக்கவைத்துக் கழுவி, மீனுக்கு இரண்டு மூன்று கணக்கில் பரப்புங்கள். 6 மீன் போதும், பிறகு அவையே பெருகிக்கொள்ளும்.

மணலை வாயால் அள்ளித் துப்பித் துப்பி, ஓட்டின் வாய் மட்டும் தெரியும்படி புதைத்துவிடும். உள்ளே கையை விட்டுப் பாருங்கள்: ஓடாது, விரலைக் கடிக்க வரும்! (வலிக்காது.) அந்த வீரமெல்லாம் தன் ஓட்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குத்தான்.

கடினமான போர் தண்ணீர் இவற்றுக்கு நல்லதே. பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 8க்கு மேல் இருக்கட்டும். இறைத்த உடனே சோதிக்காமல், ஒரு நாள் ஏர் பம்ப் ஓட்டிவிட்டுப் பாருங்கள், அதுதான் சரியான அளவு. காரத் தண்ணீரில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷம் கூடும் என்பதால், வாரம் கால் தொட்டித் தண்ணீரை மாற்றுவதில் சோம்பல் கூடாது.

ஆரேட்டஸோடு மிச்ச நாலு பழைய மீன்களையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், மல்டியோடு சேர்க்க வேண்டாம். தொட்டியைக் கழுவும்போது பில்டர் ஸ்பாஞ்சை மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள், அதில் வாழும் நல்ல பாக்டீரியா போய்விடக் கூடாது. பழைய தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து, உடனே திரும்ப மாட்டிவிடுங்கள்.